ஸ்டிக்கை இழுத்தால் மேலே போகுமா?

விமானிகள் இரண்டு பேரை ஒரு மேசையில் உட்காரவைத்து, "தரையிறங்க வரும்போது உயரத்தை எதை வைத்துச் சரிசெய்வீர்கள், வேகத்தை எதை வைத்து?" என்று கேட்டுவிட்டு நாம் டீ குடிக்கப் போய்விடலாம். திரும்பி வரும்போதும் அவர்கள் பேசிக்கொண்டுதான் இருப்பார்கள். ஒருவர் சொல்வார்: உயரத்துக்கு த்ராட்டில், வேகத்துக்கு ஸ்டிக். மற்றவர் அப்படியே தலைகீழ்: மூக்கை எங்கே காட்டுகிறாயோ அங்கேதான் விமானம் போகும், வேகம் குறைந்தால் எஞ்சினைக் கூட்டு, அவ்வளவுதான். இது குறைந்தது எண்பது வருடச் சண்டை. தென்கலை வடகலை மாதிரி, எந்தப் பயிற்சியாளரிடம் போய்ச் சேர்ந்தீர்களோ அந்த நாமம்தான் ஆயுள் முழுக்க.

பொறியியல் படித்த நமக்கு இதில் விவாதிக்க என்ன இருக்கிறது என்றுதான் முதலில் தோன்றும். உயரமும் வேகமும் ஒரே ஆற்றலைப் போட்டு வைத்திருக்கும் இரண்டு பைகள். ஸ்டிக் ஒரு பையிலிருந்து எடுத்து மற்றதில் போடுகிறது. த்ராட்டில்தான் மாதச் சம்பளம். இரண்டுமே இரண்டையும் பாதிக்கும். சமன்பாட்டை எழுதிவிட்டால் முடிந்தது. ஆனால் முடியவில்லையே! எந்தக் கை முதலில் நகர வேண்டும் என்று சமன்பாடு சொல்வதில்லை. விமானந்தாங்கிக் கப்பலில் இறங்குகிறவர் மிக மெதுவாக வருகிறார். அந்த வேகத்தில் மூக்கைத் தூக்கினால் காற்றின் இழுவை கூடி, விமானம் இன்னும் சீக்கிரம் கீழே போகும். அதனால் அமெரிக்கக் கடற்படை பல பத்தாண்டுகள் தன் விமானிகளுக்கு உயரத்தை த்ராட்டிலால் பிடிக்கவே சொல்லிக்கொடுத்தது. மூன்று கிலோமீட்டர் ஓடுபாதையில் பெரிய ஜெட்டை இறக்குகிறவருக்கு அந்தக் கவலை கிடையாது. மூக்கால் பாதையைப் பிடித்தால் போதும், வேகத்தை எஞ்சின் பார்த்துக்கொள்ளும். இரண்டு பேரும் அவரவர் இடத்தில் சரி. அப்படியும் சண்டை தீராததற்கு ஒரு காரணம் உண்டு. அந்தக் காரணத்தைப் பிடித்து முழுப் புத்தகமாக எழுதியவர் ஒருவர் இருக்கிறார்.

வுல்ஃப்காங் லாங்கவீஷ. 1907இல் ஜெர்மனியில் பிறந்து அமெரிக்காவுக்குப் போனவர். சமூக அறிவியல் ஆய்வுப் படிப்பில் இருந்தவர் பறத்தலின் பக்கம் வந்துவிட்டார். போர்க்காலத்தில் ராணுவப் பயிற்சி மாணவர்களுக்குப் பறத்தலின் கோட்பாட்டைச் சொல்லிக்கொடுத்தார், கோர்ஸேர் போர்விமானங்களைச் சோதனை ஓட்டம் ஓட்டினார். 1944இல் வந்த அவருடைய 'ஸ்டிக் அண்ட் ரடர்', 'பறக்கும் கலைக்கு ஒரு விளக்கம்' என்ற துணைத்தலைப்புடன், இன்றுவரை அச்சில் இருக்கிறது. அதில் வரும் விமானங்களில் பெரும்பாலானவை அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டன. இன்றைய மாணவனுக்கு அந்தக் காலத்து வானொலிப் பெட்டி எவ்வளவு அந்நியமோ அவ்வளவு அந்நியம். இருந்தும் பயிற்சியாளர்கள் கையில் கொடுக்கிறார்கள். ஒரு தொழில்நுட்பக் கையேடு எண்பது வருடம் தாண்டி நிற்பது எவ்வளவு அபூர்வம் என்பது, மூன்று வருடத்துக்கு முந்தைய ஆவணத்தைத் திறந்து பார்த்துப் பெருமூச்சு விட்ட எந்த மென்பொருள்காரருக்கும் தெரியும்.

தமிழ் இலக்கிய வாசகருக்குப் பறத்தல் என்றால் செந்த் எக்சுபெரிதான். 'குட்டி இளவரசன்' வழியாக வந்து, பிறகு அவருடைய பாலைவன நூலுக்குப் போய்ச் சேர்வோம். அது 1939இல் வந்தது. லாங்கவீஷயின் முதல் புத்தகமும் அதே ஆண்டுதான். எக்சுபெரியின் விமானம் தனிமையாகச் சிந்திக்கக் கிடைத்த ஓர் அறை. அந்த அறையின் ஜன்னல் வழியே பூமியும் மனிதர்களும் நட்சத்திரங்களும் தெரிகிறார்கள். கை மட்டும் அவ்வளவாகத் தெரிவதில்லை. ஆங்கிலப் பதிப்பில் வரும் படகோனியச் சூறாவளிப் பகுதியில் கைகள் வருகின்றன. அங்கேயும் மரத்துப்போய், வேறு யாருடையதோ என்பதுபோல. எனக்கு எக்சுபெரி பிடிக்கும். ஆனால் அவரை எத்தனை முறை படித்தாலும் விமானம் ஏன் விழுகிறது என்று தெரிந்துகொள்ள முடியாது. லாங்கவீஷயிடம் நட்சத்திரமே கிடையாது. அவர் எழுதுவது முழுக்கக் கையைப் பற்றி. இதை இலக்கியமாகப் படிக்க வேண்டும் என்பது என் கட்சி.

ஏன் இலக்கியம் என்றால், அவர் முதலில் கைவைப்பது சொற்களில். விமானத்தின் வாலில் ஏறி இறங்கும் மடலுக்கு எலிவேட்டர் என்று பெயர். தூக்குவது, உயர்த்துவது என்ற பொருள் அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. ஸ்டிக்கைப் பின்னால் இழுத்தால் அந்த மடல் மேலெழும், மூக்கு மேலே போகும், விமானமும் மேலே போகும், கொஞ்ச நேரத்துக்கு. அந்தக் 'கொஞ்ச நேரம்'தான் ஆளைக் கொல்கிறது என்கிறார் லாங்கவீஷ. வேகம் சேமிப்பில் இருக்கும்வரை ஏறும், சேமிப்பு தீர்ந்ததும் இறங்கும், இன்னும் இழுத்தால் விழும். ஆக உயர்த்தும் கருவி என்று பெயர் வாங்கிய ஒன்று நெருக்கடியில் வீழ்த்தும் கருவியாகிறது. அவர் அந்தப் பெயரையே புறக்கணித்து, மீனின் துடுப்பை நினைவூட்டும் வேறொரு செல்லப்பெயரை வைத்துக்கொண்டு எழுதுகிறார். உண்மையில் உயரத்தைத் தருவது த்ராட்டில்தான் என்கிறார். முதல் பத்தியில் பார்த்த சண்டையில் அவர் எந்தக் கட்சி என்று இப்போது தெரிந்திருக்கும்.

ரடர் விஷயமும் அப்படித்தான். அது சுக்கான், கப்பலிலிருந்து கடன் வாங்கிய சொல். சொல்லோடு கப்பலின் நடத்தையும் சேர்ந்து வந்துவிட்டது: சுக்கானைத் திருப்பினால் திரும்பும் என்ற நம்பிக்கை. விமானம் அப்படித் திரும்புவதில்லை, சாய்ந்துதான் திரும்புகிறது. இதை முதலில் கண்டுகொண்டவர்கள் ரைட் சகோதரர்கள். சைக்கிள் கடை வைத்திருந்தவர்களுக்குச் சாயாமல் திரும்ப முடியாது என்பது உடம்பிலேயே இருந்திருக்கும். 1908 ஆகஸ்டில் வில்பர் ரைட் பிரான்சில் லெ மான் அருகே பறந்து காட்டும்வரை ஐரோப்பியர்கள் பலர் வண்டியை ஓட்டுவதுபோலத் தட்டையாகத் திருப்பிக்கொண்டிருந்தார்கள். லாங்கவீஷ இன்னும் ஒரு படி மேலே போகிறார். ரடரின் முக்கிய வேலை விமானத்தைத் திருப்புவது அல்ல, மற்ற மடல்கள் செய்யும் பக்கவிளைவைத் துடைப்பது. அந்த மிதிகளைத் தூக்கிவிட்டாலே நல்லது என்பது அவர் எண்ணம். தலைப்பில் இருக்கும் இரண்டு சொற்களில் ஒன்றைப் புத்தகமே தேவையற்றது என்கிறது!

ஆங்கிலம் அவருக்குத் தாய்மொழி அல்ல. இது என் ஊகம்தான், ஆனால் பிறமொழியிலிருந்து வந்த காதுக்குத்தான் ஒரு சொல்லின் நேர்ப்பொருள் இவ்வளவு உறுத்தலாகக் கேட்கும் என்று நினைக்கிறேன். பழகியவர்களுக்கு எலிவேட்டர் வெறும் ஒலி. அவருக்கு அது ஒரு பொய். கோடு எழுதுகிறவர்களுக்கு இது புரியும். ஒரு ஃபங்ஷனுக்குத் தப்பான பெயர் இருந்தால், எழுதியவருக்கு ஒன்றும் ஆகாது. ஆறு மாதம் கழித்து நடுராத்திரியில் அதைத் திறக்கிறவன்தான் மாட்டுவான்.

அந்தப் பெயர்களை எல்லாம் தள்ளிவிட்டு அவர் நடுவில் வைப்பது ஒரு கோணத்தை. தாக்குகோணம். பஸ் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி, உள்ளங்கையைக் கொஞ்சம் சாய்த்துப் பிடித்தால் கை மேலே எழும் இல்லையா, அந்தச் சாய்வு. இறக்கை தன்னை நோக்கி வரும் காற்றை எந்தக் கோணத்தில் சந்திக்கிறது என்பதுதான் அது. மெதுவாகப் போனால் அதே எடையைத் தாங்க அதிகக் கோணம் வேண்டும். கோணம் ஒரு எல்லையைத் தாண்டினால், சாதாரண இறக்கைக்குச் சுமார் 15 டிகிரி, காற்று இறக்கையின் முதுகில் ஒட்டி ஓடாமல் பிய்ந்துவிடும். தூக்குவிசை சரியும். அதற்குப் பெயர் ஸ்டால். கார் ஸ்டால் ஆவதுபோல எஞ்சின் நிற்பதல்ல இது. எஞ்சின் முழு வேகத்தில் உறுமிக்கொண்டிருக்கும்போதே இறக்கை ஸ்டால் ஆகும். மூக்கு கீழே பார்த்திருக்கும்போதும் ஆகும். எந்த வேகத்திலும் ஆகும். 60 டிகிரி சாய்ந்து உயரம் இழக்காமல் திரும்பும் விமானத்தில் இறக்கை இருமடங்கு எடையைத் தாங்குகிறது. அதனால் ஸ்டால் ஆகும் வேகம் ஏறக்குறைய 41 சதவீதம் உயர்ந்துவிடும். ஓடுபாதையைப் பார்த்துக் கடைசித் திருப்பம் எடுக்கும்போது அவசரத்தில் இறுக்கி இழுக்கிறவர்கள் விழுவது இதனால்தான்.

சிக்கல் என்னவென்றால், இந்தக் கோணம் கண்ணுக்குத் தெரியாது. மூக்கு எவ்வளவு தூக்கியிருக்கிறது என்று தெரியும். ஆனால் விமானம் எந்தத் திசையில் உண்மையில் போய்க்கொண்டிருக்கிறது, காற்று எங்கிருந்து வருகிறது என்பது தெரியாது. லாங்கவீஷயின் காலத்து விமானத்தில் இதைக் காட்டும் கருவி கிடையாது. வேகமானியை வைத்துச் சுற்றிவளைத்து ஊகிக்க வேண்டும். அதனால்தான் புத்தகத்தின் பெரும்பகுதி, காணாத ஒன்றை வேறு எதையெல்லாம் கொண்டு உணரலாம் என்பதாகவே போகிறது. ஸ்டிக் கையில் கெட்டியாக இருக்கிறதா, தொளதொளவென்று ஆகிவிட்டதா. காற்றின் சத்தம் தணிகிறதா. இருக்கையில் உடம்பு எப்படி அழுந்துகிறது. இந்தப் பக்கங்களில் அவருடைய உரைநடை மிக நன்றாக இருக்கிறது. புலன்களை ஒவ்வொன்றாக எழுப்பி உட்காரவைக்கிறார்.

தரையிறங்குவதைப் பற்றி அவர் எழுதியதில் ஒன்றை மட்டும் சொல்கிறேன். இறங்கிவரும்போது கண்ணாடி வழியே பார்த்தால் தரையில் எல்லாமே நகர்கிறது. தூரத்தில் இருப்பவை மேலே ஏறுகின்றன, அருகில் இருப்பவை கீழே வழுகிப் போகின்றன. நடுவே ஒரே ஒரு புள்ளி நகராமல் நிற்கிறது. அந்தப் புள்ளியில்தான் நீங்கள் போய்ச் சேரப் போகிறீர்கள். ஏறக்குறைய அதே ஆண்டுகளில் அமெரிக்க வான்படைக்காக ஜேம்ஸ் கிப்சன் என்ற உளவியலாளர் இதையே ஆராய்ந்தார், பின்னால் அது காட்சியுணர்வு பற்றிய ஒரு முழுக் கோட்பாடாக வளர்ந்தது. எனக்கு விமானம் ஓட்டத் தெரியாது. வீட்டில் ஒரு ஜாய்ஸ்டிக்கும் சிமுலேட்டரும் இருக்கின்றன. அதில்கூட அந்த நகராத புள்ளியைக் கண்டபிறகு ஓடுபாதை வேறு மாதிரி ஆகிவிட்டது.

இறங்குவதன் கடைசி நொடிகளிலும் ஒரு சண்டை உண்டு. வாலில் சக்கரம் உள்ள பழைய விமானங்களை மூன்று சக்கரமும் ஒன்றாகத் தொட இறக்குவதா, முன்சக்கரங்கள் இரண்டை மட்டும் முதலில் பதித்து வாலைத் தூக்கியே வைத்திருப்பதா? முதல் முறையில், தரைக்கு ஒரு சாண் மேலே வைத்து இழுத்து இழுத்து, இறக்கை ஸ்டால் ஆகும் தறுவாயில் உட்கார வைக்கிறார்கள். இரண்டாவதில், தொட்டவுடன் ஸ்டிக்கைக் கொஞ்சம் முன்னால் தள்ளுகிறார்கள். பலத்த பக்கக்காற்றில் எது மேல் என்று இரண்டு கட்சிக்காரர்களும் இன்றும் சத்தியம் செய்வார்கள். கவனிக்க வேண்டியது என்னவென்றால், முதல் முறையில் மாணவன் ஒவ்வொரு முறை இறங்கும்போதும் ஸ்டாலின் விளிம்பைத் தொட்டுப் பார்க்கிறான். அது அவனுக்குத் தினசரி விருந்தாளி.

சாகசப் பறத்தலும் அப்படி ஒரு விவாதத்திலிருந்து பிறந்ததுதான். ரஷ்ய அதிகாரி பியோத்தர் நெஸ்தெரோவ், காற்றில் விமானம் எந்த நிலையிலும் தன்னைத் தாங்கிக்கொள்ளும், செங்குத்தாகச் சாய்ந்தாலும் ஒன்றும் ஆகாது என்று வாதாடிக்கொண்டிருந்தார். சக அதிகாரிகள் கேலி செய்தார்கள். 1913இல் கீவில் ஒரு நியூபோர் விமானத்தில் முழு வட்டமடித்துக் காட்டினார். உலகின் முதல் லூப். அரசுச் சொத்தை ஆபத்துக்கு உள்ளாக்கினார் என்று முதலில் தண்டனைதான் கிடைத்தது. பிரான்சில் பெகூ என்பவர் சில நாட்களில் அதையே செய்து உலகப் புகழ் பெற்றபிறகு, நெஸ்தெரோவுக்கு மன்னிப்பும் பதவி உயர்வும் வந்தன. வேடிக்கைதான், ஆனால் அந்த வட்டம் வேடிக்கைக்காகப் போட்டதல்ல. அது ஒரு நிரூபணம்.

அதற்கு முந்தைய ஆண்டு, 1912 ஆகஸ்ட் 25இல், இங்கிலாந்தின் சாலிஸ்பரி சமவெளியில் வில்ஃப்ரெட் பார்க் என்ற கடற்படை அதிகாரி சுழன்று விழத் தொடங்கினார். ஸ்டாலில் ஒரு இறக்கை முந்திக்கொண்டு சரிந்தால் விமானம் பம்பரமாகச் சுழன்று இறங்கும், ஸ்பின். அன்றுவரை அதில் மாட்டியவர்கள் அநேகமாகப் பிழைத்ததில்லை. பார்க் எல்லாரும் செய்வதைத்தான் முதலில் செய்தார். ஸ்டிக்கை இழுத்தார், சுழலும் பக்கமே ரடரை மிதித்தார். ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் எதிர்ப்பக்கம் முழுதாக மிதித்தார். சுழற்சி நின்றது. தரையிறங்கிச் சொன்னார், மற்றவர்கள் எழுதிக்கொண்டார்கள். அதே ஆண்டு டிசம்பரில் வேறொரு விபத்தில் இறந்துபோனார். இன்று ஸ்பின்னிலிருந்து மீளச் சொல்லித்தரும் வழிமுறையின் முதல் வரி அந்த மனிதரின் காலிலிருந்து வந்தது.

இங்கேதான் லாங்கவீஷயோடு எனக்கு முதல் முரண். சரியாகப் புரியவைத்துவிட்டால் கை தானாகச் சரியாகிவிடும் என்று அவர் நம்புகிறார். புத்தகத்தின் எல்லாப் பொறுமைக்கும் இந்த நம்பிக்கைதான் எரிபொருள். உண்மையில் கைக்கு வேறு ஞாபகசக்தி இருக்கிறது. விழும்போது இழுக்கச் சொல்வது உடம்பு. தள்ளச் சொல்வது புத்தகம். நிலம் கண்ணாடி முழுக்க நிறைந்து வரும்போது புத்தகம் ஜெயிக்க வேண்டுமென்றால், அதற்கு முன் பத்து முறையாவது கை அதைச் செய்திருக்க வேண்டும். 1949இல் அமெரிக்கா தனியார் விமானி உரிமத்துக்கு ஸ்பின் பயிற்சி கட்டாயம் என்பதை நீக்கியது. பயிற்சியிலேயே ஆட்கள் சாகிறார்கள், விழுந்தபின் மீள்வதைவிட விழாமலிருக்கக் கற்றுக்கொடுப்போம் என்ற வாதம். நியாயமான வாதம்தான். ஆனால் அடுத்த தலைமுறைகளுக்கு ஸ்டால் என்பது எச்சரிக்கை மணி அடித்ததும் விலகிப்போகிற ஒன்றாக மாறியது. விளிம்புக்கு அந்தப் பக்கம் எப்படி இருக்கும் என்று தெரியாமலே ஆயிரக்கணக்கான மணி நேரம் பறக்க முடிந்தது. 2019இலிருந்துதான் அமெரிக்க விமான நிறுவனங்களின் விமானிகள் முழு ஸ்டாலைச் சிமுலேட்டரில் சந்தித்தாக வேண்டும் என்ற விதி நடைமுறைக்கு வந்தது.

இரண்டாவது முரண், தப்பு செய்யவே முடியாத இயந்திரத்தின் மீது அவருக்கிருந்த ஆசை. ஃப்ரெட் வீக் என்ற பொறியாளர் 1930களின் பிற்பகுதியில் எர்கூப் என்று ஒரு விமானம் செய்தார். ரடர் மிதிகளே கிடையாது. காரைப்போல ஸ்டீயரிங், மூக்கில் ஒரு சக்கரம். ஸ்டிக் ஒரு அளவுக்கு மேல் பின்னால் வராது, ஆகவே ஸ்பின்னில் விழாது என்று அரசாங்கமே சான்றளித்தது. லாங்கவீஷ கண்ட எதிர்காலம் இதுதான். போர் முடிந்ததும் மேசீஸ் கடையிலேயே விற்றார்கள். சில ஆயிரம் விற்றது. அப்புறம் சந்தையே படுத்துவிட்டது. பிறகு அதே விமானத்துக்கு ரடர் மிதிகளைக் கூடுதலாகப் பொருத்திக்கொண்டவர்கள் உண்டு. விமானிகளின் ஜம்பம் என்று இதைத் தள்ளிவிடலாம், கொஞ்சம் ஜம்பமும்தான். ஆனால் பக்கக்காற்றில் மூக்கைக் கோணலாக வைத்தபடியே தரையைத் தொட வேண்டிய விமானத்தில், அதை நேராக்கக் காலுக்கு ஒரு வேலை வேண்டும் என்று கேட்பது வெறும் ஜம்பம் இல்லை.

கப்பலில் இறங்கும் சண்டையை மென்பொருள் ஒருவழியாக முடித்தும் வைத்துவிட்டது. 2015 வாக்கில் அமெரிக்கக் கடற்படை 'மேஜிக் கார்பெட்' என்ற கட்டுப்பாட்டு முறையை எஃப்-18இல் கப்பலில் வைத்துச் சோதித்தது. இதில் விமானி ஸ்டிக்கைப் பின்னால் இழுத்தால் விமானம் மேலே போகும், தள்ளினால் கீழே. அதற்கு எந்த மடலை அசைப்பது, எஞ்சினை எவ்வளவு கூட்டுவது என்பதைக் கணினி பார்த்துக்கொள்கிறது. இறங்கும் வழியில் விமானி ஓயாமல் செய்துவந்த சின்னச் சின்னத் திருத்தங்கள் சடாரெனக் குறைந்துவிட்டன. யோசித்துப் பாருங்கள், ஸ்டிக் என்பது மேலே-கீழே நெம்புகோல் அல்ல என்று நிறுவ லாங்கவீஷ பக்கம் பக்கமாக எழுதினார். கணினி வந்து, முதல் நாள் மாணவன் நினைத்ததையே உண்மையாக்கிவிட்டது. பொய்யான சொல்லைத் திருத்தவில்லை, சொல்லுக்கு ஏற்ப உலகத்தைத் திருத்திவிட்டது. ஒரு பொறியாளனாக எனக்கு இது அழகாகத் தெரிகிறது. ஒரு வாசகனாகக் கொஞ்சம் பயமாகவும் இருக்கிறது.

பயத்துக்குக் காரணம் 2009 ஜூன் 1. ரியோவிலிருந்து பாரிஸ் போன ஏர் பிரான்ஸ் 447, ஏர்பஸ் ஏ330, 228 பேர். அட்லாண்டிக்கின் மேல் 35,000 அடியில், வேகத்தை அளக்கும் குழாய்களில் பனி அடைத்துக்கொண்டது. தானியங்கி ஓட்டி விலகியது. துணை விமானி ஸ்டிக்கைப் பின்னால் இழுத்தார். விமானம் 38,000 அடி வரை ஏறி, ஸ்டால் ஆகி, மூக்கு மேலே பார்த்தபடியே நிமிடத்துக்கு 10,000 அடிக்கு மேல் விழத் தொடங்கியது. பெரும்பாலான நேரம் ஸ்டிக் பின்னாலேயே இருந்தது. குழாய் அடைத்ததிலிருந்து கடலில் மோதும்வரை சுமார் நாலரை நிமிடம். எச்சரிக்கைக் குரல் 75 முறை ஸ்டால் என்று சொன்னது.

லாங்கவீஷயின் மகன் வில்லியம், அவரும் விமானி, அமெரிக்காவின் பெரிய பத்திரிகைக் கட்டுரையாளர்களில் ஒருவராக இருந்தவர். 2014இல் 'வேனிட்டி ஃபேர்' இதழில் இந்த விபத்தைப் பற்றி நீண்ட கட்டுரை எழுதினார். தானியங்கி முறைகள் பறத்தலைப் பாதுகாப்பாக்கின, அதே கையோடு விமானிகளின் அடிப்படைத் திறனைத் தின்றுவிட்டன என்பது அவர் தரப்பு. மிகச் சிறந்த கட்டுரை. நிமிடம் நிமிடமாகப் பிரித்துக் காட்டும் பொறுமை அப்பாவிடமிருந்து வந்திருக்க வேண்டும். ஆனால் அந்த விமானிகள் மீது அவருக்கு உள்ள சலிப்பு எனக்கு உறுத்துகிறது. அப்பாவாக இருந்தால் இன்னொரு கேள்வியையும் கேட்டிருப்பார் என்று நினைக்கிறேன்: அந்தக் கைக்கு அந்த அசைவு என்ன பொருளில் பழகியிருந்தது?

ஏர்பஸ்ஸில் எல்லாம் சரியாக இருக்கும்போது ஸ்டிக்கை முழுதாகப் பின்னால் இழுத்தாலும் விமானம் ஸ்டால் ஆகாது. கணினி கோணத்தை எல்லைக்குள் பிடித்து நிறுத்தும். முழுதாக இழு, மற்றதை அது பார்த்துக்கொள்ளும் என்பது அந்த நிலையில் தப்பே இல்லை. வேகமானிகள் பொய்த்ததும் கணினி வேறொரு விதிமுறைக்கு இறங்கியது. அதில் அந்தக் காவல் கிடையாது. அதே ஸ்டிக், அதே கை, அதே இழுப்பு. அர்த்தம் மட்டும் பாதி வாக்கியத்தில் மாறிவிட்டது. அவர் மனதில் என்ன ஓடியது என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் சொற்கள் ஆளைக் கொல்லும் என்று எழுதிய புத்தகத்துக்கு இதைவிடக் கச்சிதமான உதாரணம் கிடையாது. இரண்டு விமானிகளின் ஸ்டிக்குகளும் ஒன்றோடொன்று இணைக்கப்பட்டவை அல்ல என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒருவர் இழுப்பது மற்றவர் கையில் தெரியாது. இருவரும் அசைத்தால் கணினி கூட்டிக்கொள்ளும்.

அந்த எச்சரிக்கைக் குரல் விஷயம் இன்னும் மோசம். அளந்த வேகம் 60 நாட்டுக்குக் கீழே போனால், கோண அளவு நம்பத்தக்கதல்ல என்று கணினி முடிவுசெய்து எச்சரிக்கையை நிறுத்திவிடும். ஆகவே விமானம் மிக மோசமான ஸ்டாலில் இருந்தபோது மணி ஓய்ந்தது. மூக்கைக் கொஞ்சம் இறக்கியபோது, அதாவது சரியானதைச் செய்தபோது, வேகம் கூடி மணி மறுபடி அடித்தது. நான் முன்பு வேலை பார்த்த ஒரு இடத்தில் சர்வர் திணறினால் அலாரம் வரும், சர்வர் அடியோடு செத்தால் தகவலே வராததால் அலாரமும் வராது. டேஷ்போர்டு பச்சையாக இருக்கும். எங்களுக்குப் போனது ஒரு சனிக்கிழமை.

கோணம் அளக்கப்பட்டுக்கொண்டுதான் இருந்தது. ஏ330இன் பக்கவாட்டில் அதற்கென்றே காற்றில் ஆடும் தகடுகள் இருக்கின்றன. கணினிகள் அதைப் படித்தன. ஆனால் விமானிகளின் முன்னால் அந்த எண் இல்லை. 1944இல் கருவி இல்லாததால் காண முடியாதிருந்த கோணம், 2009இல் கருவி இருந்தும் திரைக்குப் பின்னால் இருந்தது. பிரெஞ்சு விசாரணை அமைப்பு 2012இல் தந்த இறுதி அறிக்கையில், இந்தக் கோணத்தை விமானிக்கு நேராகக் காட்டுவதைப் பரிசீலிக்கச் சொன்னது.

இங்கேயே நிறுத்தினால் லாங்கவீஷ ஜெயித்துவிட்டார் என்று ஆகிவிடும். ஆனால் கதை இன்னும் ஒரு திருப்பம் எடுத்தது. 2018 அக்டோபரிலும் 2019 மார்ச்சிலும் இரண்டு போயிங் 737 மேக்ஸ் விமானங்கள், இந்தோனேசியாவில் ஒன்று, எத்தியோப்பியாவில் ஒன்று, 346 பேருடன் விழுந்தன. ஒரே ஒரு பக்கத்துத் தகடு தவறான தாக்குகோணத்தைச் சொன்னது. அதை நம்பிய மென்பொருள், இல்லாத ஸ்டாலிலிருந்து காப்பாற்றுவதாக நினைத்து மூக்கைக் கீழே, மறுபடி கீழே தள்ளியது. இந்த முறை தள்ளியது இயந்திரம், புத்தகத்தில் உள்ளபடியே. இழுத்தவர்கள் விமானிகள், அவர்கள் இழுத்ததுதான் சரி. அந்தக் கோணத்தைக் காட்டும் கருவியை போயிங் அந்த விமானத்துக்குக் கொடுத்துக்கொண்டுதான் இருந்தது, தனியாகக் காசு கொடுத்து வாங்கும் கூடுதல் வசதிகளில் ஒன்றாக. விழுந்த இரண்டிலும் அது இல்லை.